முதல் சகன்

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த அப்துல் கையூமுக்கு டி.பி. என்று டாக்டர் ஒருவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஊர் அதைப் பதினாலு மாதம் சொன்னது. அறுபத்தொன்றாம் வருஷத் தொடக்கம் அது. இருமல், சளியில் ரத்தக் கோடு, உடம்பு இளைப்பு என்று மூன்றும் ஒரு ஆளிடம் சேர்ந்துவிட்டால் அந்நாளில் யாரும் நோய்க்கு வேறு பெயர் தேட மாட்டார்கள். தினம் ஒரு ஊசி, கை நிறைய மாத்திரை, காலையில் இரண்டு முட்டை, பின்கட்டில் தனி அறை, தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஐம்பத்திரண்டு வயதில் அவருடைய உலகம் சுருங்கிப்போனது.

தட்டைப் பிரித்து வைத்தது அவர் மனைவி ஆரிபா. பச்சை விளிம்பு போட்ட எனாமல் தட்டு அது. அவர் சாப்பிட்டு முடித்ததும் சாம்பல் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைப்பாள். அதற்கு முன்பு இருபத்து மூன்று வருஷம் அவர் சாப்பிட்டு எழுந்த தட்டிலேயே தனக்கும் போட்டுக்கொண்டு சாப்பிட்டவள்தான். ஒரே நாளில் அதை நிறுத்தினாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும்? அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிடாதீர்கள். பயந்துபோனவள். பயத்தை உட்கார்ந்து அழுது தீர்க்கத் தெரியாமல் வேலை செய்து தீர்த்தாள், அவ்வளவுதான்.

ஊருக்கு அந்த வேலையும் மிச்சம், விலகி நின்றாலே போதும். மண்டிக்கு வந்தவர்கள் வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போனார்கள். தொழுகை வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும் என்பது முறை. கையூமுக்கு இரண்டு பக்கமும் அந்த முறை ஒரு முழம் தள்ளி நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்கிற மனிதர் அவர். இரண்டு வெள்ளிக்கிழமை பார்த்தார், மூன்றாவது வெள்ளியிலிருந்து வீட்டிலேயே தொழ ஆரம்பித்தார். தம்பி ஜெகபர் அலி மண்டியைப் பார்த்துக்கொண்டான்.

மருந்து மருந்தின் வேலையைச் செய்ததோ என்னவோ, நோய் தன் வேலையைச் செய்தது. வருஷக் கடைசியில் அவர் குரல் உடைந்தது. வியாபாரிகளைத் தெருமுனையிலிருந்தே கூப்பிடுகிற குரல் அது. இப்போது பக்கத்தில் குனிந்தால்தான் கேட்டது. பொங்கல் கழிந்த வாரம் மூச்சும் போதாமல் வந்தது. படுத்தால் திணறியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கண்ணை மூடி மூடித் திறந்து ராத்திரிகளைத் தள்ளினார். எத்தனை நாளைக்கு ஒருவரால் அப்படி உட்கார்ந்திருக்க முடியும்? மாட்டு வண்டி பிடித்து ஆரிபாவே அவரை ஊரின் கிழக்கே இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மிக்கேல்ராஜ் என்று ஒரு டாக்டர் புதிதாக வந்திருந்தார்.

மிக்கேல்ராஜ் கையூமின் முதுகில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். இடது பக்கம் ஓசை வந்தது. வலது பக்கம் நிறைகுடத்தைத் தட்டியது போல ஓசையே இல்லை.

"பாய், நெஞ்சுக்குள்ள நுரையீரலச் சுத்தித் தண்ணி கட்டிருக்கு. அதான் மூச்சு முட்டுது. எடுத்துருவோம்" என்றார்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார வைத்து, முன்னால் ஒரு மேஜையில் தலையணை வைத்து, அதில் கைகளை மடித்துக் கவிழச் சொன்னாள் நர்ஸ் ரோசலின். மரத்துப்போக ஒரு ஊசி போட்டுவிட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே டாக்டர் பெரிய ஊசியைச் செலுத்தினார். ரப்பர் குழாய் வழியாக இறங்கிய தண்ணீர் கண்ணாடி ஜாடியில் நிறைந்தது. செம்மண் கலந்த ஓடைத்தண்ணீர் நிறம். முக்கால் படிக்குக் குறையாது என்று ஆரிபா கண்ணாலேயே அளந்தாள். அன்று சாயங்காலம் கையூம் பல நாளுக்குப் பிறகு முதல் தடவையாக முதுகைத் தரையில் வைத்துப் படுத்தார். படுத்தவர் மறுநாள் வெயில் ஏறித்தான் எழுந்தார். அதுவரை நான்கு தடவை போய் அவர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள் ஆரிபா.

ஜாடித் தண்ணீரில் கொஞ்சமும் எக்ஸ்ரே படமும் மதுரைக்குப் போய், பத்து நாளில் பதில் வந்தது. டாக்டர் ஆரிபாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இது டி.பி. இல்லம்மா. முதல்லேர்ந்தே இல்ல. நுரையீரல்ல புத்துநோய்."

ஆரிபா முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டாள். "அப்ப ஒட்டாதா?" என்று கேட்டாள்.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தச் செய்தியைக் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் வேறு கேள்விதான் கேட்டிருக்கிறார்கள்.

"ஒட்டாது. பக்கத்துல படுத்தாலும் ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது."

"பொழைப்பாரா?"

"மாசக்கணக்குதாம்மா. ஆப்பரேசன் பண்ற கட்டத்தத் தாண்டிருச்சு. மறைக்கிறதுல பிரயோசனம் இல்ல. ஆனா ஒண்ணு. சீக்க என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அது குடுக்குற தொந்தரவக் குறைக்க முடியும். மூச்சுத் திணறலு, இருமலு, விலா வலி, இந்த மூணையும் என்கிட்ட விடுங்க. அவருக்கு என்ன செய்ய முடிஞ்சா நல்லா இருக்கும்னு நீங்க சொல்லுங்க. அதுக்குத் தக்கன நான் பாக்குறேன்."

எந்த டாக்டரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முதல் சகனைப் பற்றிச் சொன்னாள்.

அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் இலை போடுகிற வழக்கம் கிடையாது. சகன் என்கிற பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறும் கறியும் வரும். நான்கு பேர் அதைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். நிக்காஹ் முடிந்ததும் வருகிற முதல் சகனில் மாப்பிள்ளை, அவன் தகப்பன், பெண்ணின் தகப்பன், சித்தப்பன் நான்கு பேரும் உட்கார வேண்டும். அந்த நான்கு கையும் சோற்றில் பட்ட பிறகுதான் மற்ற சகன்கள் நகரும். இரண்டு குடும்பமும் ஒன்றாகிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. கையூமின் ஒரே மகள் நர்கீஸுக்கு நோன்புப் பெருநாள் கழிந்து பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை ஆயக்குடி. அவன் தகப்பன் நூர் முகமது கொய்யாத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்.

"தரையில உக்காரணும். அரை மணி நேரம். குனிஞ்சு கைபோட்டுச் சாப்பிடணும். இருமக் கூடாது" என்றாள் ஆரிபா.

"இன்னும் அம்பது நாள் இருக்கு" என்றார் டாக்டர், காலண்டரைப் பார்த்து. "தண்ணி மறுபடி ஊறும். ஊற ஊற எடுப்போம். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முந்தி கடைசியா எடுத்தா, அன்னைக்கு ஆளு நல்லா இருப்பாரு."

வீட்டுக்கு வந்து கணவரிடம் பாதியைச் சொன்னாள். "டி.பி. இல்லையாம், நர்கீஸ் அத்தா. ஒட்டாத சீக்காம்."

கையூம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பெரிய சீக்கு" என்றார், அந்த உடைந்த குரலில். மீதிப் பாதியை அவள் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

அன்றிலிருந்து ஆரிபாவுக்கு ஒரே வேலைதான். அவருடைய மூச்சை ஐம்பது நாள் காவல் காத்தாள். ரோசலின் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தாள். தண்ணீர் கட்டிய வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் நல்ல பக்கம் மேலே இருந்து தாராளமாக மூச்சு வாங்கும் என்றாள் ரோசலின். படுக்க வைத்தாள். திணறும்போது முகத்துக்கு நேராக விசிறினால் பாதித் திணறல் அடங்கும் என்றாள். கை வலிக்க விசிறினாள். மூன்று வேளைச் சோற்றை ஆறு வேளையாகப் பிரித்தாள். இருமலை அடக்குகிற கசப்பு மருந்தைக் கரண்டியில் அளந்து கொடுத்து, கொடுத்ததும் எவ்வளவு நேரத்தில் இருமல் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மனதில் போட்டுக்கொண்டாள். அரை மணியில் பிடித்தது, மூன்று மணி நேரம் தாங்கியது. விலா வலிக்குத் தனி மாத்திரை. வலி வந்த பிறகு கொடுக்காமல், வருவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. கையூமுக்கு அது பிடிபடவே இல்லை. வலிக்காதபோது எதற்கு மாத்திரை என்று முரண்டு பிடிப்பார். விருந்தாளி வருவதற்கு முன்னாலேயே கதவைச் சாத்துவது மாதிரி என்று அவள் சொன்ன பிறகுதான் சிரித்துக்கொண்டே விழுங்கினார்.

அவரும் சும்மா இருக்கவில்லை, தன் பங்குக்கு ஒரு வைத்தியம் செய்தார். இரண்டாம் தடவை தண்ணீர் எடுக்கப் போனபோது அவர் நாக்கு வறண்டு உதடு வெடித்திருந்ததைப் பார்த்து டாக்டர் காரணம் கேட்டார். கேட்டுக் கேட்டுக் கடைசியில் உண்மை வந்தது. நெஞ்சில் தண்ணீர் கட்டுகிறது என்று சொன்னார்கள் இல்லையா? அதனால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். வாசலை அடைத்தால் வெள்ளம் வராது என்று கணக்கு.

"பாய், நீங்க குடிக்கிற தண்ணி வயித்துக்குப் போகுது. இது சீக்கு ஊற வைக்கிற தண்ணி. நீங்க பட்டினி கிடந்தாலும் அது ஊறும்" என்றார் டாக்டர்.

"நோம்பு வருது, பழகிக்கிருவோம்னு பாத்தேன்" என்றார் கையூம்.

"உங்களுக்கு நோம்பு கிடையாது. உங்க மார்க்கத்துலயே நோயாளிக்கு விலக்கு இருக்கு. எனக்கே தெரியும்."

தொண்டைச் சளி இளகியதும் இருமலும் பாதியாகக் குறைந்தது. ஆனால் தண்ணீர் ஊறுகிற நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் பதினைந்து நாள், அடுத்தது பதினொன்று, அப்புறம் எட்டு. இதற்கிடையே வீட்டில் ஒத்திகை நடந்தது. தரையில் பாய் விரித்து அவரைச் சப்பணம் போட்டு உட்கார வைப்பாள். முன்னால் குனியச் சொல்வாள். முதல் நாள் ஆறு நிமிஷம். பிறகு பத்து, பதினைந்து. இருபத்தெட்டு நிமிஷம் உட்கார்ந்த அன்று, நர்கீஸ் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆரிபாவுக்கும் சந்தோஷம் பொங்கியது. ஆனால் இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி என்று சொல்லி அதை மறைத்துக்கொண்டாள்.

ஒத்திகை முடிந்ததும் அவருக்குச் சோறு எனாமல் தட்டில்தான் வந்தது. அவர் சாப்பிட்டதும் அவள் அதைப் பழையபடி சாம்பல் போட்டுத் தேய்த்து வெந்நீர் ஊற்றினாள்.

"இன்னும் எதுக்கும்மா வெந்நீ?" என்று நர்கீஸ் ஒரு நாள் கேட்டாள்.

"கை பழகிருச்சு" என்றாள் ஆரிபா. தட்டைத் தேய்க்கிற வேகம் குறையவில்லை.

ஜெகபர் அலிக்கு வேறு கவலை. பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு வந்து முற்றத்தில் நின்றபடி பேசினான்.

"மதினி, கோவப்படாமக் கேளுங்க. டி.பி.ன்னா மாப்பிள்ள வீட்டாரு அண்ணன்கூட உக்கார மாட்டாங்க. புத்துன்னு சொன்னா, வம்சத்துலயே இருக்கும்போலன்னு பொண்ணையே வேணாம்பாங்க. ரெண்டுல எதச் சொல்லப் போறீங்க?"

ஆரிபா கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தாள். இரண்டு பக்கமும் தீப்பிடித்த கொள்ளியில் எறும்பு எந்தப் பக்கம் ஓடும்?

"சிறுமலையில நம்ம தோட்டத்து வீடு சும்மாத்தான கிடக்கு? அண்ணன ஒரு மாசம் அங்க வச்சிருப்போம். மலைக்காத்துக்குப் போயிருக்காருன்னு சொல்லிக்கிருவோம். அவரு இடத்துல நான் உக்காந்துக்கிறேன், என் இடத்துல சொந்தத்துல யாரையாச்சும் உக்கார வச்சுக்கிருவோம். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்த நடத்துன்னு சும்மாவா சொன்னாங்க? நான் ஒரே ஒரு பொய்தான் சொல்லச் சொல்றேன்."

"மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதையும் நான் சொல்றேன் தம்பி. இந்த ஒண்ணு மட்டும் வேணாம்" என்றாள் ஆரிபா.

அவன் மென்று விழுங்கிவிட்டுப் போனான். போனவன் சும்மா இருக்காமல் ஆயக்குடிக்கு ஆள் அனுப்பி, அண்ணன் மலைக்குப் போய்விட்டதாகச் சொல்லியும்விட்டான். நான்காம் நாள் நூர் முகமது எத்தனை சகன் வேண்டும் என்று பேசுவதற்காகத் திண்டுக்கல் வந்தவர், நோன்பு திறந்த கையோடு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். கனத்த மனிதர், வெள்ளை ஜிப்பா. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆரிபா உள் வாசலில் திரைக்குப் பின்னால் நின்று பேசினாள். டீ வந்தது. அவர் ஒரு வாய் குடித்தபோது பின்கட்டிலிருந்து இருமல் சத்தம் வந்தது.

"ஏனுங்க, சம்பந்தி மலைக்குப் போயிருக்காருன்னு உங்க கொழுந்தனாரு சொன்னாருங்க" என்றார் நூர் முகமது. "உள்ள இருமறது யாருங்க?"

ஜெகபர் அலி அங்கே இருந்திருந்தால் பூனை இருமுகிறது என்றுகூடச் சொல்லியிருப்பான். ஆரிபா திரையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெண்ணின் கல்யாணம் இந்த ஒரு பதிலில் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"அவருதான்" என்றாள். "மலைக்குப் போகல. அவருக்கு டி.பி.யும் இல்ல. நெஞ்சுல புத்து. தண்ணி எடுத்து மதுரைக்கு அனுப்பிப் பாத்துட்டாங்க. ஒட்டாது. ஆனா மாசக்கணக்குதான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

கூடத்தில் டீத் தம்ளரைக் கீழே வைக்கிற ஒலி மட்டும் கேட்டது.

"வம்சத்துல வருமுங்களா?"

"அவங்க அத்தா எம்பது வயசுல கெணத்தடியில வழுக்கி விழுந்து மவுத்தானாரு. அவங்கம்மாவுக்குக் காலரா. எனக்குத் தெரிஞ்சு வேற யாருக்கும் இது வந்ததில்ல. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்களே."

"தெரிஞ்சிருக்காது."

"பொறவு ஏனுங்க சொன்னீங்க?"

"முதல் சகன்ல அவரு உக்காரணும். டி.பி.ன்னு நெனச்சுக்கிட்டு நீங்க பக்கத்துல உக்கார மாட்டீங்க. ஊருல எல்லாருக்கும் அவரு கைபட்டது ஆகாமப் போச்சு. மக கல்யாணத்துலயாச்சும் நாலு பேரோட ஒண்ணா உக்காந்து சாப்பிடட்டும்."

நூர் முகமது மீதி டீயைக் குடித்து முடித்தார். "யோசனை பண்ணிச் சொல்றேனுங்க" என்று எழுந்து போனார்.

மூன்று நாள் தகவல் இல்லை. அந்த மூன்று நாளும் ஆரிபா நர்கீஸின் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தாள். தானே தன் பெண்ணின் கழுத்தில் கத்தி வைத்துவிட்டோமோ என்று தனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் கார்டு வந்தது. எங்கள் பக்கத்துக்குச் சகன் எழுபது போதும், வெற்றிலை ஆயக்குடியிலிருந்து வரும், முதல் சகனில் சம்பந்தியும் நானும் எதிரெதிரே உட்காருவோம் என்று மூன்றே வரி. ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சிரித்தார்.

"உங்க சம்பந்தி அன்னைக்கு இங்க வந்தாரும்மா. ஒட்டுமான்னு ஒரே கேள்விய நாலு விதமாக் கேட்டாரு. நாலு தடவையும் இல்லன்னு சொன்னேன்."

கல்யாணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடைசியாகத் தண்ணீர் எடுக்கப் போனார்கள். மேஜை, தலையணை, ஊசி எல்லாம் வழக்கம்போல. குழாயில் சொட்டுச் சொட்டாக அரைத் தம்ளர் இறங்கி நின்றுவிட்டது. டாக்டர் ஊசியைத் திருப்பிப் பார்த்தார். எதுவும் வரவில்லை.

"தண்ணி இருக்கு. தடுப்புக் கட்டித் தனித்தனியாத் தேங்கிருச்சு" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. மறுபடி முதுகைத் தட்டினார். விரலால் தடவித் தடவி, பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே ஒரு இடத்தைக் குறித்தார். ரோசலின் கையூமின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது ஊசி. ஆரிபா ஜாடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் காற்றுக் குமிழி, பிறகு தண்ணீர். ஜாடி முக்கால்வாசி நிறைந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குத் தாங்கும். திங்கக்கிழமைக்கு நான் பொறுப்பில்ல" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை கையூம் வெள்ளைச் சட்டையும் புதுக் கைலியும் தொப்பியும் போட்டு, தெருவை அடைத்துப் போட்ட பந்தலுக்குத் தானே நடந்து வந்தார். பதினோரு மணிக்கு விலா வலி மாத்திரை, பதினொன்றரைக்கு இருமல் மருந்து. நிக்காஹ் பன்னிரண்டுக்கு முடிந்தது. பெண்கள் பக்கத்தைப் பிரித்துக் கட்டியிருந்த துணித் தட்டியின் இடைவெளியில் கண்ணை வைத்து ஆரிபா பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னூறு ஆண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டியிலிருந்து பத்தடி தூரத்தில் முதல் சகனுக்குச் சமுக்காளம் விரித்திருந்தது. கார்டில் எழுதிய மாதிரியே நூர் முகமது கையூமுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஒரு பக்கம் மாப்பிள்ளை, இன்னொரு பக்கம் ஜெகபர் அலி.

கையூம் சப்பணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இருமல் இல்லை, திணறல் இல்லை. தோள்பட்டை ஏறி இறங்காமல் மூச்சு வந்து போனது. எல்லாம் அவள் நினைத்த மாதிரியே நடந்தது. சகன் வந்தது. பாங்கான நெய்ச்சோறு, நடுவில் கறி, ஆவி பறந்தது.

பிஸ்மில்லாஹ் சொல்லி நூர் முகமது கையை வைத்தார். மாப்பிள்ளை வைத்தான். ஜெகபர் அலி ஒரு கணம் தயங்கினாலும் அவனும் வைத்துவிட்டான். நான்காவது கை வரவில்லை. கையூமின் வலது கை அவர் முழங்காலிலேயே இருந்தது. பந்தல் முழுவதும் பசியோடு காத்துக்கொண்டிருந்தது. அவர் தலையைத் திருப்பி, சோறு கொண்டுவந்த உறவுக்காரரின் காதில் ஏதோ சொன்னார். அந்த உறவுக்காரர் விழித்துவிட்டு, எழுந்து தட்டிப் பக்கம் வந்தார்.

"மதினி, அண்ணன் தட்டுக் கேக்குறாரு" என்றார். "அவரு தனித் தட்டு உங்ககிட்ட இருக்காம். அதுல கொஞ்சம் சோறு போட்டுக் குடுத்தா ஓரமா உக்காந்து சாப்பிட்டுக்கிறேங்கிறாரு."

ஆரிபாவுக்கு முதலில் புரியவில்லை. மூச்சு முட்டுகிறதோ என்று மறுபடி இடைவெளியில் பார்த்தாள். மூச்சு நன்றாக இருந்தது. சோறு அவருக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எதிரே உட்கார்ந்தவருக்குப் பயம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கும் இல்லை. அவருக்குத்தான் பயமாக இருந்தது. தன் கை பட்டால் அந்தச் சோறு கெட்டுவிடும் என்று பதினாலு மாதமாக மூன்று வேளையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

ஆண்கள் பந்திக்குள் பெண் போகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. அவள் முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு துணியை விலக்கினாள். பந்தலில் பேச்சு அடங்கியது. ஜெகபர் அலி "மதினி" என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்து இடம் விட்டான். அவள் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சகனில் அவர் பக்கமாக இருந்த சோற்றில் கையை வைத்து, ஒரு கவளம் எடுத்து, எல்லாரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டாள்.

"சாப்பிடுங்க" என்றாள்.

நூர் முகமது தலையைக் குனிந்து எதையும் பார்க்காதவர் போலக் கறித்துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கையூம் அவள் பக்கம் சாய்ந்தார். அவர் குரல் அவளைத் தாண்டிப் போகவில்லை.

"ஒட்டாதுன்னு நீ சொல்லி அம்பது நாளாச்சு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னார். "வீட்டுல ஒரு நாளாச்சும் இப்பிடி உக்காந்திருக்கலாம்ல, ஆரிபா."

கோபமே இல்லை அதில். சொல்லிவிட்டுக் கையை நீட்டிச் சோற்றில் வைத்தார். பந்தலில் மற்ற சகன்கள் நகர ஆரம்பித்தன, பேச்சும் பாத்திரச் சத்தமும் மறுபடி எழுந்தது. ஆரிபாவால் எழுந்திருக்கவும் முடியவில்லை, வாயிலிருந்த கவளத்தை விழுங்கவும் முடியவில்லை. அவர் நிதானமாக, ஒரு தடவைகூட இருமாமல், சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.